மருந்துக்கடை அக்காவும் மூட்டையும்

சாலையைக் கடக்க மருந்துக்கடை அக்காவுக்கு ஓர் ஆள் வேண்டும். தெரிந்த ஆளாக இருக்கவேண்டும் என்பதில்லை. கொஞ்சம் அகலமான முதுகாக இருந்தால் போதும். அதன் பின்னால் ஒண்டிக்கொள்வாள். முதுகு நடந்தால் நடப்பாள், நின்றால் நிற்பாள். ஒருநாள் அப்படி ஒரு முதுகைப் பின்தொடர்ந்து போய், அந்த ஆள் நடுச்சாலையில் எதையோ மறந்தவர்போல் திரும்பி நடக்க, அக்காவும் திரும்பி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாள்.

அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துக்கடையில் மதியத்திலிருந்து இரவு கடை சாத்தும்வரை வேலை. அந்த வேலைக்கு அவளைப்போல் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டாள். ஒரு அட்டை மாத்திரையை எடுத்தால் பெயரைப் படிப்பாள், திருப்பிப் படிப்பாள், கொடுத்த பிறகு "ஒரு நிமிஷம் காட்டுங்க" என்று வாங்கி மறுபடியும் படிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார்.

அவள் வீட்டுக்காரர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். மூன்று நாள் வண்டியில், இரண்டு நாள் வீட்டில். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவர் வண்டியில் இருக்கும் நாட்களில் தொலைபேசி அடித்தாலே அக்காவுக்கு ஈரக்குலை நடுங்கும். எடுத்து "என்ன ஆச்சு?" என்பாள். "ஹலோ" என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. "என் தொடைநடுங்கி" என்றுதான் அவர் அவளைச் செல்லமாகக் கூப்பிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் நாய். சின்ன வயதில் ஒரு நாய் துரத்தி, ஓடிப்போய் அடுத்த வீட்டு வேலியில் விழுந்து முழங்கை கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. நாய் கடிக்கவேயில்லை, வேலிதான் கிழித்தது என்று மகள் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டாள். அக்கா ஒப்புக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு நாய் வந்ததற்குக் காரணமும் பயம்தான். எதிரில் நிற்பவர் முகம் பார்த்து "முடியாது" என்று சொல்வதற்கு அவளுக்குப் பயம்.

தெருக்கோடியில் கால்நடை மருத்துவமனை வைத்திருந்த டாக்டரம்மா கண் சொட்டு மருந்து வாங்க அடிக்கடி கடைக்கு வருவார். சின்ன வயதுக்காரர், வேகமாகப் பேசுவார். ஒருநாள் மருந்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அக்கா, உங்க வீடு தரைத்தளம்தானே?"

"ஆமா டாக்டர்."

"படி இல்லையே?"

"வாசல்ல ஒரே ஒரு படி."

"காலைல நீங்க வீட்லதான் இருப்பீங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று புரிவதற்குள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடித்திருந்தாள். பிறகுதான் விஷயம் வந்தது. சாக்கடையிலிருந்து ஒரு பெண் நாயைத் தூக்கி வந்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. மற்ற நாய்கள் குரைக்கும் கூண்டறையில் வைத்தால் பயத்திலேயே செத்துப்போகும். நல்ல வீடு கிடைக்கும்வரை யாராவது வைத்துக்கொள்ளவேண்டும்.

"முடியாது டாக்டர், எனக்கு நாய்னா உயிர் போயிடும்" என்று அக்கா சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது, "சரி டாக்டர்."

மறுநாள் காலை டாக்டரம்மா கழுத்தில் பட்டை மாட்டி, ஒரு பழைய போர்வையில் சுற்றி அதைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். அது அசையவில்லை. அழுக்குத் துணியை யாரோ கட்டிப் போட்டுவிட்டுப் போனமாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது. பழுப்பு நிறம். கண் இரண்டும் பால் ஊற்றியமாதிரி வெளுத்திருந்தன. மூட்டை என்ற பெயர் அப்போதே விழுந்துவிட்டது.

டாக்டரம்மா விரல் நீட்டிச் சொன்னார். "சாமான் எதையும் இடம் மாத்தாதீங்க. தொடறதுக்கு முன்னாடி குரல் கொடுங்க. தூங்கும்போது திடீர்னு கை வைக்காதீங்க. கண்ணு போனது போனதுதான், ஆனா புண்ணு ஆறணும். காலைல ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. கடைக்குப் போறப்ப சாவியைக் குடுத்துட்டுப் போங்க, சாயங்காலச் சொட்டுக்கு எங்க நர்ஸ் வந்துடுவா."

"காலைச் சொட்டு?"

"நீங்கதான்."

அவர் போனதும் அக்கா நாற்காலியில் ஏறி இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். அரைமணி நேரம் அவள் நாயைப் பார்த்தாள், நாய் ஒன்றையும் பார்க்கவில்லை. பிறகு அது மெல்ல எழுந்தது. ஓர் அடி வைத்தது. மேசைக்காலில் டொக்கென்று முட்டியது. பின்வாங்கியது, சுவரில் முட்டியது. எங்கே திரும்பினாலும் ஏதோ ஒன்று முகத்தில் அறைய, கடைசியில் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியிலேயே வந்து புகுந்து நடுங்க ஆரம்பித்தது. நாற்காலியும் சேர்ந்து நடுங்கியது. இறங்கினால் கடித்துவிடும் என்று அக்கா இறங்கவில்லை. வெளியே வந்தால் இடிக்கும் என்று அது வெளியே வரவில்லை. கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாவி, கட்டிலிலிருந்து வாசலுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் சொட்டு மருந்து போடக் குனிந்தபோது குரல் கொடுக்க மறந்துவிட்டாள். கை தலையில் பட்டதுதான் தாமதம், மூட்டை வெடுக்கென்று திரும்பிக் கடித்தது. பல் படவில்லை, காற்றைத்தான் கடித்தது. ஆனால் இரண்டு தாடையும் மோதிய சத்தமே போதுமானதாக இருந்தது. குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போன் போட்டாள்.

"டாக்டர், தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடுங்க. கடிக்குது."

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப கடிக்கலை அக்கா. பயந்துச்சு."

"நானும்தான் பயந்தேன். நான் யாரையும் கடிச்சேனா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் தாழ்ப்பாளைத் திறந்தாள். மூட்டை கூடத்து மூலையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தது. வால் வயிற்றுக்கடியில். நின்ற இடத்திலேயே சிறுநீர் போயிருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

"இதோ வர்றேன்" என்றாள், எட்ட நின்றபடி. "துணி எடுத்துட்டு வர்றேன். தரையைத் துடைக்கப்போறேன். உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன். நீயும் என்னை ஒண்ணும் பண்ணாதே, புண்ணியமாப் போகும்."

அன்றிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. எழுந்தால் சொன்னாள், உட்கார்ந்தால் சொன்னாள். "அடுப்படிக்குப் போறேன். தட்டு கீழே விழும், பயப்படாதே. பார், விழுந்துடுச்சு." மாடி வீட்டுக்காரி ஒருநாள் எட்டிப்பார்த்து, "யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள். கடையிலும் பழக்கம் தொற்றிக்கொண்டது. "குனியறேன், கீழ்த்தட்டுல எடுக்கறேன்" என்று அவள் அறிவிக்க, முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

கடையிலிருந்து பஞ்சு ரோலும் ஒட்டுநாடாவும் வாங்கிப்போய், மேசை முனை, கட்டில் கால், அலமாரி மூலை எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டாள். எந்த முனை எந்த உயரத்தில் எப்படிக் குத்தும் என்பது அவளுக்கு அத்துப்படி. வாழ்நாள் முழுக்க அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தாள்.

எதிரில் ஏதாவது இருந்தால் "இரு" என்பாள். மூட்டை முட்டும். மறுபடி "இரு" என்பாள், மறுபடி முட்டும். ஒரு வாரம் கழித்து ஒரு காலை, "இரு" என்றதும் அது நின்றது. மேசைக்கால் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. தற்செயலாக இருக்குமோ என்று அக்காவுக்குச் சந்தேகம். அன்று பூராவும் சோதித்துப் பார்த்தாள். பாதி நேரம் நின்றது, பாதி நேரம் முட்டியது.

சொட்டு மருந்தும் மெல்லப் பழகியது. தரையில் உட்கார்ந்து, "முகத்தைப் பிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தாடையைத் தாங்குவாள். அவள் கை நடுங்கும், அதன் முகமும் நடுங்கும். ஒரு சொட்டு கண்ணில் விழுந்தால் இரண்டு சொட்டு மூக்கில் விழும்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது வேறு கூத்து. அவருடைய கனத்த செருப்புச் சத்தம் கேட்டதும் மூட்டை கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுவிட்டது. அவர் வீட்டிலிருந்த இரண்டு நாளும் வெளியே வரவில்லை.

"என்னைப் பார்த்து பயப்படுற ஜீவன் உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றார் அவர், வருத்தத்தோடு. "எங்க கண்டக்டர்கூட பயப்பட மாட்டான்."

"செருப்பைக் கழட்டிட்டு நடங்க. சாவியை ஆட்டாதீங்க. இருமாதீங்க."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

மூன்றாவது முறை அவர் வந்தபோது மூட்டை கட்டிலுக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவர் கால்விரலை முகர்ந்தது. அவர் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார். காலில் கொசு கடித்தும் அசையவில்லை என்று பிறகு பெருமையடித்துக்கொண்டார்.

இப்படி ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

அன்று காலை தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க ஒருவர் வந்திருந்தார். பின்பக்கம் வேலை. அக்கா அடுப்படியில் குழாயைத் திறந்து, "வருதா, வரலையா" என்று அவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்கேட் வழியாகப் போனார். போனவர் கேட்டைச் சாத்தவில்லை.

"மூட்டை, குழாயை மூடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினாள். கூடத்தில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. பின்கதவு பாதி திறந்திருந்தது, அதற்கு அப்பால் கேட் முழுசாகத் திறந்திருந்தது.

வெளியே ஓடினாள். கேட்டுக்கு வெளியே சந்து. இடதுபக்கம் போனால் பெரிய சாலை, லாரி, பேருந்து. வலதுபக்கம் பாதி கட்டி நிற்கும் அடுத்த மனைக் கட்டடம். எந்தப் பக்கம்? காதில் லாரி ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கால் தானாக இடதுபக்கம் நாலடி ஓடி நின்றது.

மூட்டை நடக்கும்போது வலது தோளைச் சுவரில் உரசிக்கொண்டே நடக்கும். வீட்டுச் சுவர் முழுக்க அது உரசிய இடம் அழுக்குக் கோடாக ஓடியது, அக்கா துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்தாள். அந்த நினைப்பு வந்ததும் கேட்டுக்குத் திரும்பி வந்து, தன் வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு சுவர் போன திசையில் நடந்தாள். சுவர் வலதுபக்கம் திரும்பியது. கட்டடத்துக்கு மண் கொண்டுவர இடித்திருந்த இடத்தில் முடிந்தது. அதை ஒட்டிச் செங்கல் அடுக்கு. செங்கல் முடிந்த இடத்தில் ஈர மணல், மணலில் நாலு கால் தடம். தடம் போய் நின்ற இடத்தில், சிமெண்ட் தூக்குபவர்கள் ஏறுவதற்காக மாடிக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகைப் பாதை.

கொத்தனார், சித்தாள் யாரையும் காணோம், டீ குடிக்கப் போயிருந்தார்கள். வீட்டில் ஸ்டூலில் ஏறி மின்விளக்கு மாற்றவே மகள் வரவேண்டும். அப்படிப்பட்டவள் பலகையில் நாலு காலால் ஊர்ந்துதான் ஏறினாள். பலகை மேலும் கீழும் ஆடியது. கீழே பார்க்கக்கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மீதியை ஏறினாள்.

மாடித் தளம் வெட்டவெளியாகக் கிடந்தது. சுவர் இல்லை, கைப்பிடி இல்லை. எதிர்க்கோடியில் மூட்டை நின்றுகொண்டிருந்தது. உரசுவதற்குச் சுவர் இல்லாததால் எங்கே போவதென்று தெரியாமல், மூக்கை நீட்டி நீட்டி ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓரத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. கீழே கம்பிக்கட்டுகள்.

பெயரைச் சொல்லி அலற வாயெடுத்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் நாய்க்கும் நடுவில், லிஃப்டுக்காக விட்ட சதுரமான பெரிய ஓட்டை தளத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் அது குரல் வந்த திசைக்கு நேராக ஓடிவரும். நேராக வந்தால் ஓட்டைக்குள். கூப்பிடாவிட்டால் இன்னும் இரண்டு அடியில் ஓரத்துக்கு வெளியே.

மூட்டை முன்னங்காலைத் தூக்கியது.

"இரு" என்றாள் அக்கா.

கத்தவில்லை. கத்தினால் மிரளும் என்று தெரியும். மேசைக்காலுக்கு முன்னால் சொல்வதுபோலவே சொன்னாள், என்ன, பாதிக் குரல்தான் வெளியே வந்தது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. வால் ஒருமுறை ஆடியது. அந்த வால் ஆட்டத்தைப் பார்த்து அக்காவுக்கு இன்னும் பயமாகிவிட்டது. சந்தோஷத்தில் ஓடிவந்துவிட்டால்?

"இரு. நான் வர்றேன். நீ வராதே. இரு."

எழுந்து நடக்கப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பள்ளம் தெரிந்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி, பின்புறத்தை இழுத்து இழுத்து ஓட்டையைச் சுற்றி நகர்ந்தாள். புடவை சிமெண்டில் கிழிந்தது. ஒருபக்கம் ஓட்டை, மறுபக்கம் தளத்தின் விளிம்பு, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் இடம். வாய் மட்டும் நிற்கவில்லை. "இரு கண்ணு. இப்ப பக்கத்துல வந்துட்டேன். இன்னும் கொஞ்சம்தான். இரு. என் ராசாத்தி, இரு." பாதி வழியில் மூட்டை தூக்கிய காலை இறக்கியது. விளிம்பின்மேல்தான் இறக்கியது. நகம் சிமெண்டில் உரசிய சத்தத்தில் அக்கா இன்னும் வேகமாக நகர்ந்தாள்.

"தொடறேன்" என்றாள். தொட்டாள். கழுத்துப் பட்டையைப் பிடித்தாள், இரண்டு கையாலும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் அவளால் ஒரு விரலைக்கூட அசைக்கமுடியவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த கொத்தனார் மேலே ஏறிப் பார்த்தபோது, தளத்தின் கோடியில் ஒரு அம்மா நாயைக் கட்டிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இங்க எப்படி ஏறினீங்க?"

"தெரியல தம்பி. எப்படி இறங்கறதுன்னும் தெரியல."

அவர் நாயைத் தூக்க வந்தார், மூட்டை உறுமியது. அக்காவைத் தூக்க நினைத்தார், அவளும் ஏறக்குறைய உறுமினாள். கடைசியில் கொத்தனார் கீழே நின்று பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூட்டை நடந்து இறங்கியது, அக்கா உட்கார்ந்து இறங்கினாள். வீட்டுக்குள் வந்து இரண்டு கதவையும் தாழிட்டபிறகுதான் அழுதாள். அன்று கடைக்குப் போகவில்லை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னாள். "நீயா ஏறினே?" என்றார். "நாமளே வச்சுக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லிடு."

அக்காவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கடையில் நிற்கும்போதெல்லாம் கை மாத்திரையில் இருந்தது, மனசு பின்கதவில் இருந்தது. மதியத்திலிருந்து இரவுவரை, நடுவில் நர்ஸ் வந்துபோகும் கொஞ்ச நேரம் தவிர, அது தனியாக இருக்கிறது. பக்கத்தில் அந்தக் கட்டடம் நாளுக்குநாள் உயர்ந்துகொண்டே போகிறது. வேலையை விடவும் முடியாது. வீட்டுக்காரர் மறுபடி கேட்டபோது, "நம்ம வீடு அதுக்கு ஆகாதுங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா கண்டுபிடித்த வீடு ஒரு தையல்காரருடையது. அவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே கடை வைத்திருந்தார்கள். நாள் முழுக்க யாராவது ஒருவர் இருப்பார்கள். மாடி கிடையாது, சுற்றிலும் மதில். நாயைப் பார்க்க வந்தவர்களை அக்கா குறுக்குக் கேள்வி கேட்டுத் திணறடித்தாள்.

"கிணறு இருக்கா?"

"இல்லீங்க."

"தண்ணித் தொட்டி? மூடி இருக்கா?"

"இருக்குங்க."

"தையல் கடைன்னா ஊசி கீழ விழுமே?"

தையல்காரர் பாவமாகத் தங்கையைப் பார்த்தார். தங்கை கலகலவென்று பேசுகிறவள். "விழும் அக்கா. என் கால்லயே எத்தனை தடவை ஏறியிருக்கு! அதனால தினமும் காந்தத்தை உருட்டி எடுத்துருவேன்" என்றாள். மறுநாள் அந்தக் காந்தத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பார்த்தபிறகுதான் அக்கா தலையாட்டினாள்.

கொண்டுபோய் விட அவளே போனாள். அறை அறையாக, சுவர் சுவராக மூட்டையை நடத்திக் காட்டினாள். மேசை முனைகளுக்குப் பஞ்சு சுற்றிக் கொடுத்தாள். கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லவேண்டும். சொல்லாமல் அதைவிட்டு எங்கும் போனதில்லை. சொன்னாள். மூட்டை கேட் வரைக்கும் வந்து, கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பாதி சாப்பிட்டது, மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது என்று அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

மாதம் ஒன்று போனபிறகு பார்க்கப் போனாள். கேட்டைத் திறக்கப்போன கை பாதியில் நின்றது. முற்றத்தில் மூட்டை ஓடிக்கொண்டிருந்தது. நடக்கவில்லை, ஓடியது, காது பின்னால் பறக்க, மதிலை நோக்கி, தலைதெறிக்க. அதை இப்படி அவள் பார்த்ததே இல்லை. ஓடுவதற்கு அவள் வீட்டில் இடமும் இருந்ததில்லை.

"ஐயோ, முட்டிக்கும்!"

"பேசாம பாருங்க அக்கா" என்றாள் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த தங்கை, தாழ்ந்த குரலில். "எத்தனை அடில மதில்னு அதுக்கு அத்துப்படி. இப்ப குரல் கொடுத்தா கணக்கு தப்பிடும்."

அக்கா இரண்டு கையாலும் கேட் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "இரு" என்ற அந்த ஒற்றைச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். மதிலுக்கு ஓர் அடி இருக்கும்போது மூட்டை தானாக வளைந்து, மண் சிதற, வந்த வேகத்திலேயே திரும்பி ஓடியது. மறுபடி மதில், மறுபடி வளைவு. அக்காவுக்கு மூச்சு வர நேரமானது. கேட்டைப் பிடித்த கையை எடுக்க அதைவிட நேரமானது.